இரண்டரை வயது மகளை பிளே ஸ்கூலுக்கு அனுப்பாமல் வீட்டிலும் மரத்தடியிலும் வைத்து வளர்க்கலாமா?

கேள்வி: கொய்யாமரத்து வீடு, கோவை

அனைவருக்கும் வணக்கம். எங்கள் மகளுக்கு இரண்டு வயது நான்கு மாதம் முடிந்திருக்கிறது. கோவை சிங்காநல்லூர் அருகே வாடகை வீட்டில் இருக்கிறோம். வீட்டின் பின்பக்கத்தில் ஒரு முருங்கை, ஒரு கொய்யா, ஒரு துவைகல், அதைச் சுற்றிச் சிமெண்டு பூசாத கொஞ்சம் மண் தரை, இவ்வளவுதான் எங்கள் தோட்டம். கணவர் மோட்டார் பம்பு செய்யும் தொழிற்கூடத்தில் வேலை பார்க்கிறார். மாமியார் எங்களோடு இருக்கிறார். நான் இரண்டு கடைகளுக்குக் கணக்கு எழுதும் வேலையை, குழந்தை தூங்கும் பிற்பகலிலும் இரவிலும், வீட்டிலிருந்தபடியே செய்கிறேன்.

கடந்த ஜூன் மாதம் மகளை ஒரு பிளே ஸ்கூலில் சேர்த்தோம். மூன்று வாரம் சென்றாள். முதல் வாரம் முழுவதும் அழுதாள். எல்லாக் குழந்தைகளும் அழுவதுதானே என்று பொறுத்துக்கொண்டோம். மூன்றாவது வாரத்தில் அழுகை நின்றுவிட்டது, ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு அவள் வழக்கமாகப் பேசும் பேச்சும் குறைந்துவிட்டது. ஒரு நாள் அவள் பையில், புள்ளிகளை இணைத்து ஆங்கில முதல் எழுத்தை எழுதும் தாள் ஒன்று இருந்தது. கோடுகள் நேராக இருந்ததைப் பார்த்ததுமே, அவள் கையைப் பிடித்து யாரோ எழுத வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டேன். மறுநாளிலிருந்து அனுப்பவில்லை.

இப்போது காலையில் எழுந்ததும் பின்கதவைத் திறக்கச் சொல்கிறாள். அணில் கடித்துப் போட்ட கொய்யாவை எடுத்து வந்து பாட்டியிடம் காட்டுகிறாள். கறிவேப்பிலையையும் வேப்பிலையையும் கையில் கசக்கி முகர்ந்து பிரித்துச் சொல்கிறாள். ஆனால் எதிர்வீட்டில் இதே வயதுள்ள பையன் இருபது வரை எண்ணுகிறான், நிறங்களின் பெயரை ஆங்கிலத்தில் சொல்கிறான். வருகிறவர்கள் எல்லோரும், "இன்னும் ஸ்கூலுக்கு அனுப்பலையா?" என்று கேட்கும்போது மாமியாரின் முகம் வாடிவிடுகிறது. நான் செய்வது சரியான முடிவா, வெறும் செல்லமா என்று சில இரவுகளில் எனக்கே விளங்குவதில்லை.

எல்.கே.ஜி. வயது வரும் வரையிலாவது, முடிந்தால் அதற்கு மேலும், இவளை வீட்டில் வைத்து விளையாட்டின் வழியாகவும் வெளியில் அழைத்துச் செல்வதன் வழியாகவும் வளர்க்க விரும்புகிறேன். ஒரு நாளை எப்படி அமைத்துக்கொள்வது, எழுத்தையும் எண்ணையும் எப்போது தொடங்குவது, பிற குழந்தைகளின் தோழமைக்கு என்ன வழி, எதில் நான் கவனமாக இருக்க வேண்டும் என்பதை, இந்த வழியில் நடந்து பார்த்தவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

பதில்: மரப்பாச்சி, மதுரை

தோழி, என் இரு பிள்ளைகளையும் ஐந்து வயது வரை வீட்டில் வைத்திருந்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். முதலில் என் தவற்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கேள்வியில் உள்ள "ஒரு நாளை எப்படி அமைத்துக்கொள்வது" என்ற தொடரைப் படித்ததும் அதுதான் நினைவுக்கு வந்தது.

மூத்தவனுக்கு இரண்டு வயதானபோது நான் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி நேர அட்டவணை எழுதினேன். ஒன்பது மணிக்கு நிற அட்டை, ஒன்பதரைக்கு வடிவங்கள், பத்து மணிக்கு மணல், பதினொன்றுக்குக் கதை என்று ஒவ்வொரு நாளுக்கும் எழுதி வைத்தேன். ஒரு நாள் காலை அவன் குளியலறை வாசலில் உட்கார்ந்து சொம்பிலிருந்து தம்ளருக்கும் தம்ளரிலிருந்து சொம்புக்கும் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தான். தம்ளர் நிறைந்து வழியும்போதெல்லாம் கையை நிறுத்திப் பார்த்தான். நான் நிற அட்டைக்கு நேரமாகிவிட்டது என்று அவனைத் தூக்கி வந்தேன். அவன் வீறிட்டு அழுதான். பெரிய பாத்திரத்தில் உள்ளது சிறிய பாத்திரத்தில் கொள்ளாது என்பதைத் தன் கையாலேயே கண்டுபிடித்துக்கொண்டிருந்த பிள்ளையை அதிலிருந்து பிய்த்தெடுத்து, சிவப்பு அட்டையைக் காட்டிச் சிவப்பு என்று சொல்ல வைத்தேன் என்பது எனக்குப் பல நாள் கழித்துத்தான் உறைத்தது. பிளே ஸ்கூலை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அதைவிடக் கண்டிப்பான ஒன்றை வீட்டுக்குள் நடத்திக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு அட்டவணையை விட்டுவிட்டு, வீட்டு வேலையையே அவனோடு சேர்ந்து செய்யத் தொடங்கினேன். முருங்கைக்கீரை உருவுவதை எடுத்துக்கொள்ளுங்கள். காம்பை ஒரு கையால் பிடித்து, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் இலைகளை மட்டும் இழுத்தெடுக்க வேண்டும். பின்னாளில் எழுதுகோலைப் பிடிப்பதற்கு வேண்டிய பிடி அதுதான். இந்த வயதில் மணிக்கட்டின் சிறு எலும்புகள் பல இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கின்றன, விரல்களுக்கும் வலு போதாது. எழுத வைப்பதற்கு முன் உருவவும் உரிக்கவும் பிசையவும் பிழியவும் விட்டால் கை தானாகத் தயாராகும். தை மாதத்தில் மொச்சை வந்ததும் ஒரு முறம் நிறைய அவன் முன் வைப்பேன். சப்பாத்தி மாவில் ஓர் உருண்டை அவனுக்கு உண்டு. துவைத்த துணிகளில் அப்பாவுடையது எது, பாட்டியுடையது எது என்று பிரித்து வைப்பான். "நாம் நான்கு பேர், நான்கு தட்டு எடுத்து வா" என்பதுதான் எங்கள் வீட்டுக் கணக்குப் பாடம். மூன்று கொண்டு வந்தால் யாருக்குத் தட்டு இல்லை என்று அவனே பார்த்து மறுபடியும் ஓடுவான். எதிர்வீட்டுப் பையன் இருபது வரை சொல்வது நல்ல நினைவாற்றல்தான், அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஒரு தட்டு குறைகிறது என்று கண்டுபிடிப்பதற்கு எண்ணின் பொருள் தெரிந்திருக்க வேண்டும்.

இதற்கெல்லாம் நேரம் இரு மடங்கு ஆகும் என்பதை ஒப்புக்கொள்ளுங்கள். கீரை கீழே சிந்தும், தண்ணீர் கொட்டும், சமையல் தாமதமாகும். காலை ஆறரைக்கு எழுந்து முக்கால்வாசிச் சமையலை முடித்துவிட்டு, கடைசிக் கால்வாசியை மட்டும் அவனோடு செய்வது என்று நான் வைத்துக்கொண்டேன்.

வெளியில் போவதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வாரத்துக்கு ஒரு புதிய பூங்காவைத் தேடாதீர்கள். ஒரே தெருவில், ஒரே மரத்தடியில், நாள்தோறும் போய் நில்லுங்கள். இரண்டு வயதுக் குழந்தைக்குத் தெருக்கோடி வரை நடக்க ஒரு மணி நேரம் ஆகும். கல், எறும்பு வரிசை, சாக்கடை மூடியின் ஓட்டை, நாய் என்று ஒவ்வொன்றிடமும் நிற்க வேண்டும். ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகும்போதுதான் நேற்று இல்லாதது இன்று இருப்பது கண்ணில் படும். உங்கள் முருங்கையே போதும். பூ விடுவது, பூ உதிர்ந்து கொட்டுவது, நூல் போலப் பிஞ்சு தொங்குவது, காய் நீள்வது, காய் முற்றி வெடித்து இறக்கையுள்ள விதை பறப்பது என்று அதனிடம் மாதக்கணக்கில் பார்க்க இருக்கிறது. மழைக்காலத்தில் அடிமரத்தில் கம்பளிப்பூச்சிகள் அப்பிக்கொண்டிருக்கும். அந்த நாட்களில் மட்டும் மரத்தைத் தொட விடாதீர்கள், உடம்பெல்லாம் தடித்துவிடும். தூர நின்று காட்டலாம்.

பதில்: நெல்லைக்காரன்

மாற்றுக் கருத்து ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். என் அண்ணன் மகனை இப்படித்தான் நாலே முக்கால் வயது வரை வீட்டில் வைத்திருந்தார்கள். அன்பாகத்தான் வளர்த்தார்கள். ஆனால் பள்ளியில் சேர்ந்தபோது, தன் முறை வரும் வரை காத்திருப்பது, தன் கையிலுள்ள பொருளை இன்னொரு பிள்ளை கேட்பது, தான் சொல்வதை யாரும் உடனே கேட்காமல் இருப்பது ஆகிய மூன்றும் அவனுக்கு முற்றிலும் புதியவையாக இருந்தன. ஓராண்டு மிகவும் துன்பப்பட்டான். எழுத்தும் எண்ணும் எப்போது வேண்டுமானாலும் வரும் என்பதை ஏற்கிறேன். பெரியவர்கள் மட்டுமே உள்ள வீட்டில் ஒற்றைக் குழந்தையாக வளர்வதைப் பற்றித்தான் யோசிக்கச் சொல்கிறேன்.

பதில்: மூன்றாம் மாடி, சென்னை

வணக்கம் சகோதரி. அடையாறில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில், மண் என்பதே கண்ணில் படாத வீட்டில், மூன்று வயது மகனை வளர்க்கும் தந்தை நான். நானும் மனைவியும் வேலைக்குப் போகிறோம். பகலில் என் தந்தையார்தான் பார்த்துக்கொள்கிறார். உங்களிடம் இருக்கும் அந்தத் துவைகல்லுக்கும் மண் தரைக்கும் நான் ஏங்குகிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பகுதிக்கு இந்தப் பேச்சோடு ஒரு பழைய உறவு உண்டு. இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939ஆம் ஆண்டு அடையாறு தியசாபிகல் சொசைட்டிக்கு (பிரம்மஞான சபைக்கு) வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடத்தினார். இரண்டாம் உலகப் போர் மூண்டதால் 1946 வரை இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. அவர் வகுத்த முறையில் குழந்தையின் முதல் வேலைகள் ஊற்றுவது, பெருக்குவது, துடைப்பது, பித்தான் போடுவது போன்ற அன்றாட வேலைகளே. இது தெரியாமல் நாங்கள் விலையுயர்ந்த மரப் பொம்மைகளை வாங்கி அடுக்கியிருந்தோம். என் தந்தையார் ஒரு விளக்குமாற்றைப் பாதியாக வெட்டிப் பேரனின் கைக்கு அடக்கமாகக் கட்டிக் கொடுத்தார். பொம்மைகள் அலமாரியில் இருக்கின்றன, விளக்குமாறு இரண்டு முறை தேய்ந்து மாற்றப்பட்டுவிட்டது.

மண் இல்லாதவர்களுக்காகவும் எழுதுகிறேன், இதைப் படிக்கிறவர்களில் என்னைப் போன்றவர்கள் பலர் இருப்பார்கள். மொட்டை மாடியில் பழைய பிளாஸ்டிக் தொட்டி ஒன்றில் ஆற்று மணல் நிரப்பி வைத்திருக்கிறோம். பூனை அசுத்தம் செய்யாமலிருக்க இரவில் மூடிவிடுவோம். வெந்தயம் விதைப்பதை எல்லோருக்கும் பரிந்துரைக்கிறேன். இரவு ஊறவைத்து விதைத்தால் நான்கைந்து நாளில் முளை தெரியும். மா விதையை நட்டுவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்கும் பொறுமை இந்த வயதில் இருக்காது. ஞாயிறு காலை ஆறு மணிக்குப் பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போகிறோம். நண்டு வளையிலிருந்து தலை நீட்டுவதற்காக அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதை அவன் அங்கேதான் கற்றான். வீட்டில் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்காராத பிள்ளை அவன்.

கைப்பேசியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, இரண்டு வயதிலிருந்து நான்கு வயது வரை திரை நேரம் ஒரு நாளில் ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, குறைவது இன்னும் நல்லது. உடலை அசைத்து விளையாடும் நேரம் குறைந்தது மூன்று மணி இருக்க வேண்டும். வீட்டில் வைத்திருக்கும் குழந்தைக்குத் திரைதான் பெரிய ஆபத்து என்று நான் கருதுகிறேன். என் தந்தையார் களைத்துப்போகும் பிற்பகல்களில் தொலைக்காட்சி ஓடியது. அதைத் தவிர்க்க, மாலை நான்கு மணி முதல் ஆறு மணி வரை கல்லூரி மாணவி ஒருவரை அமர்த்திப் பூங்காவுக்கு அழைத்துப் போகச் சொல்கிறோம். நீங்களும் இரவில் கணக்கு எழுதுகிறீர்கள் என்று படித்தேன். உங்கள் தூக்கத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். களைத்த தாயால் எறும்பு வரிசையிடம் நிற்க முடியாது.

பதில்: அங்கன்வாடி அம்மா, ஈரோடு மாவட்டம்

அன்புள்ள மகளுக்கு. முப்பத்தொரு வருடம் அங்கன்வாடிப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். உன் கடிதத்தில் வேப்பிலையையும் கறிவேப்பிலையையும் முகர்ந்து பிரிக்கும் அந்தக் குழந்தையைப் படித்து மகிழ்ந்தேன். அவள் பையில் அந்தத் தாளைப் பார்த்ததும் அனுப்புவதை நிறுத்தினாயே, அது சரியான செயல்.

பிள்ளைத்தமிழ் பாடிய நம் புலவர்கள் மூன்றாம் மாதம் தொடங்கி இருபத்தோராம் மாதம் வரை பருவம் பருவமாகப் பிரித்து, கை கொட்டுவது, நடந்து வருவது, நிலவை விளையாட அழைப்பது, மணல் வீட்டை அழிப்பது, சிறுபறை கொட்டுவது, சிறுதேர் உருட்டுவது என்று வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். மாதக் கணக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை. குழந்தை வளர்வதை விளையாட்டைக் கொண்டே அளந்த மரபு நமக்கு இருந்தது என்பதற்காகச் சொல்கிறேன். உன் மாமியாரிடம் இதைச் சொல், அவர் கவலை கொஞ்சம் குறையலாம்.

ஆனால் நெல்லைத் தம்பி சொன்னதை நீ தள்ளிவிடக் கூடாது. என் மையத்தில் நான்கு வயதுப் பிள்ளை இரண்டு வயதுப் பிள்ளைக்குச் செருப்பு மாட்டிவிடுவதை ஆயிரம் முறை பார்த்திருக்கிறேன். அதைத் தாயாலும் பாட்டியாலும் கற்பிக்க முடியாது. வீட்டில் வைப்பது, பள்ளிக்கு அனுப்புவது என்று இரண்டே வழிதான் உண்டு என்று ஏன் எண்ண வேண்டும்? உன் தெருவுக்கு அருகில் உள்ள அங்கன்வாடிக்குப் போய்ப் பார். தமிழ்நாட்டில் இரண்டு வயது முடிந்த பிள்ளையைச் சேர்த்துக்கொள்வார்கள், கட்டணம் கிடையாது. அங்கே பின்பற்றும் பாடத்திட்டத்தின் பெயரே "ஆடிப்பாடி விளையாடு பாப்பா" என்பதுதான். தொடக்கத்தில் ஒரு மணி நேரம், நீயோ பாட்டியோ உடன் இருந்து, விளையாட விட்டு அழைத்து வா. மையத்துக்கு மையம் வேறுபாடு உண்டு, எல்லாம் சிறப்பாக இருக்கும் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். பணியாளர் குழந்தைகளோடு தரையில் உட்காருகிறாரா என்று மட்டும் கவனி.

இன்னொரு காரணமும் உண்டு. அங்கன்வாடியில் எடையும் உயரமும் பார்ப்பார்கள். 2013இல் தொடங்கிய சிறார் நலத் திட்டத்தின்படி மருத்துவக் குழு ஆண்டுக்கு இரண்டு முறை மையத்துக்கே வந்து ஒவ்வொரு பிள்ளையையும் சோதிக்க வேண்டும். வீட்டிலேயே இருக்கும் குழந்தைக்கு இந்தச் சோதனை தவறிப்போகிறது. இரண்டு வயது முடிந்த குழந்தை இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேச வேண்டும், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப வேண்டும், வேண்டியதை விரல் நீட்டிக் காட்ட வேண்டும். இவற்றில் எது குறைந்தாலும் "தாமதமாகப் பேசுவாள்" என்று காத்திருக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும். உன் மகள் நன்றாகப் பேசுகிறாள் என்றே தோன்றுகிறது. இதைப் படிக்கும் பிற தாய்மாருக்காகவும் எழுதுகிறேன்.

மண்ணில் விளையாடும் பிள்ளைக்குக் குடற்புழு மாத்திரை கட்டாயம். ஆண்டுக்கு இரண்டு முறை, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும், அரசு இலவசமாகவே கொடுக்கிறது. ஒரு வயது முடிந்து இரண்டு வயதுக்குள் பாதி மாத்திரை, இரண்டு முடிந்தால் முழு மாத்திரை, நுணுக்கிக் கொடுப்பார்கள். மண் ஈரமாக இருக்கும் நாட்களில் காலில் செருப்பு இருக்கட்டும், கொக்கிப்புழு பாதத்தின் வழியாகத்தான் உள்ளே போகிறது. ஒன்றரை வயதில் போட வேண்டிய முத்தடுப்பு ஊக்க ஊசி போட்டாயிற்றா என்று அட்டையைப் பார்.

செடிகளில் அரளி, ஊமத்தை, குன்றிமணி, காட்டாமணக்கு நான்கையும் நீ அடையாளம் தெரிந்து வைத்திருக்க வேண்டும். காட்டாமணக்கு விதையைக் கடலை என்று நினைத்துத் தின்று பிள்ளைகள் வாந்தியெடுத்துக் கிடந்ததை நான் நேரில் பார்த்திருக்கிறேன். குன்றிமணியின் அழகு பிள்ளைகளை இழுக்கும். எருக்கம்பால் கண்ணில் படக் கூடாது. எதையாவது தின்றுவிட்டால் உப்புக் கரைசல் கொடுத்து வாந்தியெடுக்க வைக்க முயலாதே. எஞ்சிய விதையைக் கையில் எடுத்துக்கொண்டு உடனே 108 வண்டியில் மருத்துவமனைக்குப் போ. துவைகல் பக்கத்தில் தண்ணீர் நிறைந்த வாளியை விட்டுவிட்டு உள்ளே போகும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்திவிடு. இந்த வயதுக் குழந்தை தலைகுப்புற விழுந்தால் அரை வாளித் தண்ணீரும் உயிரைக் கொண்டுபோகும்.

மறுமொழி: கொய்யாமரத்து வீடு, கோவை

எல்லோருக்கும் நன்றி. படித்து முடித்ததும் எழுந்து போய்த் துவைகல்லருகே இருந்த இரண்டு வாளிகளையும் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன், அம்மா. தடுப்பூசி அட்டையையும் எடுத்துப் பார்த்தேன், ஊக்க ஊசி போட்டாயிற்று. அங்கன்வாடி இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறது. அது நமக்கு உரியதல்ல என்று ஏனோ இதுவரை எண்ணியிருந்தேன். வரும் திங்கட்கிழமை மாமியாரும் நானும் மகளை அழைத்துப் போகிறோம்.

சிங்காநல்லூர் குளக்கரைக்கு ஞாயிறுதோறும் போவதை, அப்பாவோடு போகும் வழக்கமாக வைத்துக்கொள்ளலாம் என்று கணவரும் ஒப்புக்கொண்டார். சென்ற வாரம் அங்கே நெற்றியில் வெள்ளைப் பட்டை உள்ள நாமக்கோழியைக் காட்டியபோது, "தாத்தா மாதிரி" என்று சொன்னாள். என் தகப்பனார் திருநீறு பூசுபவர்.

இரண்டு ஐயங்கள் மிச்சமிருக்கின்றன. இந்த வயதில் பள்ளியில் சேர்க்காமலிருப்பது சட்டப்படி தவறாகுமா? எழுத்தை எப்போது தொடங்குவது என்பதற்கும் யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை.

பதில்: மரப்பாச்சி, மதுரை

சட்டத்தில் எந்தத் தடையும் இல்லை. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரையிலான பிள்ளைகளைப் பற்றியது. அந்தச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் உள்ள இருபத்தைந்து விழுக்காடு ஒதுக்கீட்டில் எல்.கே.ஜி. இடத்துக்கு விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தால் மட்டும், அந்த ஆண்டு ஜூலை 31 அன்று மூன்று வயது நிறைந்திருக்க வேண்டும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயரைப் பதிந்து வையுங்கள்.

எழுத்துக்கு நான் நாள் குறிக்கவில்லை. நாள்தோறும் இரவு மடியில் உட்கார வைத்துப் படப் புத்தகத்தை விரல் வைத்துப் படித்துக் காட்டினேன். மூத்தவன் நான்கு வயதில் ஒரு நாள் பேருந்து நிலையத்தில் நின்று, "மதுரை" என்ற பலகையில் உள்ள முதல் எழுத்தும் தன் பெயரின் முதல் எழுத்தும் ஒன்றா என்று கேட்டான். அன்று மாலை வாசல் மணலில் என் விரலால் "ம" எழுதிக் காட்டினேன். அவன் தன் விரலால் அதன் மேலேயே பல முறை ஓட்டிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் தனியாக ஒன்று எழுதினான், இடவலம் மாறி. நான் திருத்தவில்லை. இளையவள் மூன்றரை வயதிலேயே கேட்டாள். உங்கள் மகள் எப்போது கேட்பாள் என்று அவள்தான் சொல்ல வேண்டும். அதுவரை பின்பக்கத்து மண்ணில் குச்சியால் அவள் இழுக்கும் கோடுகளை அழிக்காமல் விட்டுவையுங்கள், அவள் நாளை வந்து தேடுவாள்.